முதல் ஈட்டில் உனக்குப் பங்கு இல்லை

அடியே,

இட்லித் துணியைத் தட்டிலிருந்து உரிக்கும்போது வருகிற வாசனை உனக்கு மறந்திருக்காது. ஈரத் துணியும் புளித்த மாவும் ஆவியும் சேர்ந்த வாசனை. இன்று காலை முதல் ஈடு இறக்கி, துணியின் மேல் தண்ணீர் தெளித்து உரித்தேன். ஆவி முகத்தில் அடித்ததும் நீ வந்து நின்றாய். உடனே எனக்குக் கோபம் வந்தது. நீ போனதிலிருந்து இதுதான் வழக்கம். செத்தவர்களை நினைத்தால் மற்றவர்களுக்கு அழுகை வருமாம். எனக்கு உன்னை நினைத்தால் கையில் இருக்கிற கரண்டியை விட்டெறியலாம் போல் இருக்கிறது.

இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலெக்டருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. பதறாதே, முழுக்கக் கேள்.

ஒரு நாய்க்குக் கலெக்டர் என்று பேர் வைத்த புண்ணியவதி நீதான். நாம் இருவரும் கிளியனூரில் பாண்டிச்சேரி ரோட்டோரம் இட்லிக் கடை போட்ட புதிது. எங்கிருந்தோ ஒரு செவலைக் குட்டி வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தது. வாலை ஆட்டவில்லை, குழையவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து இட்லிப் பானையையே பார்த்தது. "இன்னாமே இது, கலெக்டர் விசிட்டு மாதிரி உக்காந்துக்கினு கீது" என்று சொல்லி, முதல் ஈட்டில் ஓர் இட்லியை எடுத்து ஊதி ஆற்றிப் போட்டாய். தின்றது. மறுநாளும் போட்டாய். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உனக்குச் சந்தேகம் வந்து ஒரு விள்ளல் வாயில் போட்டாய். மாவு சரியாகப் பொங்காத நாள் அது, இட்லி கல்லாக இருந்தது. அன்றிலிருந்து கலெக்டர் தின்ற பிறகுதான் வியாபாரம் என்று சட்டமே போட்டுவிட்டாய். "நாயே தொடாத இட்லிய ஆளுக்கு எப்பிடிமே விக்கறது" என்பாய். காலையில் அவசரமாக வந்து நிற்கிற லாரிக்காரர்கள்கூட அவன் தின்று முடிக்கும் வரை காத்திருப்பார்கள்.

நாய் முதலில் தின்னும். நீயும் நானும் கடைசியில். அதுவும் உன் சட்டம்தான். கடைசி ஈடு விற்று, பானை காலியாகி, அடுப்பை அணைத்த பிறகுதான் நாம் உட்காருவோம். பசி காதை அடைத்தாலும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டாய். "சட்டி காலியானாத்தான் நம்ம வயிறு ரொம்பும்" என்று பெரிய மகான் மாதிரி சொல்வாய். ஊரில் இருக்கிற இட்லிக் கடைக்காரிக்கெல்லாம் இதே கதைதான், நீ மட்டும் இல்லை. ஊருக்கே சோறு போடுவோம், நம் வயிற்றில் காற்று ஓடும். அதனால் நமக்கு எங்கே வலித்தாலும் ஒரே பேர்தான். வயிற்றில் வலித்தால் கேஸ். முதுகில் பிடித்தால் கேஸ். நெஞ்சை அடைத்தாலும் கேஸ். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, உப்பும் எலுமிச்சையும் போட்ட கோலி சோடா. ஓர் ஏப்பம் விட்டுவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றப் போய்விடுவோம்.

சரி, கலெக்டர் கதைக்கு வருகிறேன். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை விதைப்பு நடந்துகொண்டிருந்த சமயம். கடை நிறைய கழனிக்குப் போகிற ஆட்கள். முதல் ஈடு இறக்கி, துணியை உரித்து, "கலெக்டரே" என்று கூப்பிட்டேன். அரிசிச் சாக்கின் மேல் படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எழுந்திருக்கப் பார்த்தான். நாலு காலும் நாலு திசைக்குப் போனது. விழுந்தான், உருண்டான், மறுபடி எழுந்தான், மறுபடி அதே பக்கம் விழுந்தான். கண்கள் இரண்டும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து மரங்களை எண்ணுகிறவன் கண்கள் போல இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு கத்தினான். குரைப்பு இல்லை அது. குழந்தையைக் கிணற்றில் பறிகொடுத்தவள் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். என் கையில் இருந்த தட்டு கீழே விழுந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். நம் ஊரில் மருந்துக்குத்தான் பஞ்சம், வைத்தியருக்கு ஏது பஞ்சம்? ஒருவர், விதைக் கடலையில் பூச்சிமருந்து கலந்து வைத்திருப்பார்கள், நாய் அதைத் தின்றிருக்கும் என்றார். உடனே இன்னொருவர் என் புளியை எடுத்து, என் சொம்பில் கரைத்து, என்னைக் கேட்காமலேயே அவன் வாயைப் பிளந்து ஊற்றினார். தலையை நேராக நிறுத்த முடியாத ஜீவன் எப்படி விழுங்கும்? புரையேறியது. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் நுரை வந்தது. அந்த நுரையைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பாய்ச்சலில் பின்னால் போனார்கள். வெறி பிடித்துவிட்டது என்று ஒரு குரல் கேட்டது. புளித்தண்ணீர் ஊற்றியது அவர்கள். நுரை வரவைத்தது அவர்கள். வெறிநாய் என்று பேர் வைத்ததும் அவர்கள். இதையெல்லாம் என் கடையிலேயே, என் இட்லியைத் தின்ற வாயோடு செய்தார்கள்.

பக்கத்துப் பஞ்சர் கடை சேகர் டயர் கழற்றுகிற கம்பியோடு வந்தான். சின்ன வயதிலிருந்து உன் கையால் இட்லி தின்றவன். "தள்ளுங்க அத்த, பிள்ளைங்க நடமாடற எடம். நானே முடிச்சிடறேன்" என்றான். அவன் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவன் போல நின்றான்.

கொதிக்கிற சாம்பாரில் கரண்டியை முக்கி எடுத்துக்கொண்டு கலெக்டருக்கு முன்னால் போய் நின்றேன். எவனாவது கை வைத்தால் மூஞ்சியில் ஊற்றிவிடுவேன் என்றேன். ஊற்றியும் இருப்பேன். பிறகு சேகரைப் பார்த்தேன். இத்தனை நாளும் கேட்காமல் விழுங்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கும் இவன் கத்தினானே சேகரு. அன்னிக்கி வந்தியா நீ?"

கம்பி கீழே இறங்கியது.

நீ போன அன்றைக்கு என்ன நடந்தது என்று உன்னைத் தவிர முழுக்கத் தெரிந்தவன் கலெக்டர் ஒருத்தன்தான். நான் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையிலேயே உன் முகம் வெளுத்திருந்தது. அடுப்புச் சூட்டில் வருகிற வியர்வை இல்லை அது, கழுத்தெல்லாம் சில்லென்று இருந்தது. என்னவென்று கேட்டேன். "ஒண்ணும் இல்லமே. வெறும் வயிறு, கேஸு. நீ போயி உளுந்து வாங்கிக்கினு வா, நாளைக்கி ஊறப் போடணும்" என்றாய். சோடாவை என் கண்ணெதிரே குடித்து, எனக்குக் காட்டுவதற்காகவே ஏப்பம் விட்டாய். நான் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். நீ அதற்குப் பிறகும் ஓர் ஈடு ஊற்றி இறக்கியிருக்கிறாய். கடைசியாகச் சாப்பிட்டவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள், சிரித்த முகமாகத்தான் பரிமாறினாயாம், இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டாயாம். அவர்கள் கை கழுவிப் போன பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். பத்தடி தள்ளிச் சேகர் இருந்தான். எதிரே டீக்கடை. ரோடு நிறைய வண்டி. யாரையும் கூப்பிடவில்லை நீ.

கலெக்டர்தான் கத்தியிருக்கிறான். விடாமல் கத்தியிருக்கிறான். ரோட்டுக்கு ஓடி வந்து சேகர் கடை முன்னால் நின்று குரைத்து, மறுபடி உன்னிடம் ஓடி, மறுபடி வந்து குரைத்திருக்கிறான். வேலை மும்முரத்தில் இருந்த சேகர் ஒரு பழைய டியூபை எடுத்து அவன் மேல் வீசி விரட்டியிருக்கிறான். உன்னைத் தூக்கிப் போன அன்று சேகர்தான் இதை என்னிடம் சொல்லி அழுதான். நான் உளுந்துப் பையோடு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதைவிடக் கொடுமை, அதற்குப் பிறகு ஊர் பேசியது. "குடுத்து வெச்ச மவராசி. பாயில படுக்காம, ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்காம போய்ட்டா" என்று வந்தவள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு பாராட்டினாள். உனக்கு மாலை போட்டார்களா பட்டம் கொடுத்தார்களா என்று தெரியாத அளவுக்குப் புகழ்ச்சி. தொந்தரவு கொடுத்திருக்க வேண்டுமடி நீ. ஊரையே கூட்டியிருக்க வேண்டும். இலை முன்னால் உட்கார்ந்திருந்தவன் இட்லியைத் தட்டிவிட்டு, "ஏய், எனக்கு முடியல, தூக்கிக்கினு போ" என்று கத்தியிருக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சோறு போட்ட கை. ஒருத்தரைக் கூப்பிட உனக்கு வாய் வரவில்லையா? எனக்கு என் மேல் கோபம் இல்லை, உன் மேல்தான்.

கலெக்டரையும் அப்படி விட்டுவிட நான் தயாராக இல்லை. நின்ற ஆட்டோக்காரர், நாயை ஏற்றினால் சீட்டு நாறும் என்று போய்விட்டார். சேகர் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான். விதை மூட்டை இறக்க வந்த குட்டியானை வண்டி ஒன்றைக் கையோடு கூட்டி வந்தான். கலெக்டரை அரிசிச் சாக்கோடு தூக்கினோம். சேகர் தலைமாட்டில் உட்கார்ந்தான், நான் கால்மாட்டில். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் என் முட்டியைக் கால் நகத்தால் பிடித்துக்கொண்டான்.

போகிற வழியில் விழுப்புரத்துக்கு உன் மகனுக்குப் போன் போட்டேன். அவன் செல்போன் கடையில் கூட்டமாம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வயசாயிடுச்சில்ல சித்தி. கஷ்டப்படுத்த வேணாம். ஒரு ஊசி போட்டுட சொல்லுங்க" என்றான். வயசாம். நீ போனபோதும் அதைத்தான் சொன்னான், அம்மாவுக்கு வயசாயிடுச்சி என்று. வயதானால் வைத்தியம் கிடையாது என்று எந்தக் கடவுள் எழுதி வைத்தான்? உனக்கு முன்னாலேயே உன் அம்மா பாலூற்றி வளர்த்தது இது, அவள் மூச்சு நிற்கும்போது பக்கத்தில் இருந்தது இது ஒன்றுதான், இதற்கு ஊசி போட உன் வாயால் சொல்லாதே என்று கத்திவிட்டு வைத்தேன். முன்னாலேயே வளர்த்தது என்பது பொய்தான். கோபத்தில் வந்துவிட்டது.

திண்டிவனம் மாட்டாஸ்பத்திரியில் ஆடு, மாடு, கோழி என்று ஒரே கூட்டம். நாயின் பேர் கேட்டார்கள், சொன்னேன். முறை வந்ததும் உள்ளேயிருந்து "கலெக்டர் வாங்க" என்று குரல் வந்தது. ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். நீ இருந்திருந்தால் அங்கேயே உருண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுதான். வெறியா என்று நான் கேட்பதற்குள் அவன் கண்ணைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் பார்த்தாள். வெறியும் இல்லை, விஷமும் இல்லை என்றாள். வயதான நாய்களுக்குத் திடீரென்று இப்படி வருமாம், காதுக்குள் நிதானம் கெட்டுவிடுமாம். அவனுக்குத் தரை, கூரை, நாம் எல்லாமே சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்கப் பக்கவாதம் மாதிரி இருக்கும், பெரும்பாலும் மெல்ல மெல்லத் தெளிந்துவிடும், தலைச் சாய்வு மட்டும் நின்றாலும் நிற்கலாம் என்றாள். இனி வாயில் எதையும் ஊற்றினால் என்னிடம் வராதீர்கள் என்று சேகரைப் பார்த்துச் சொன்னாள். ஊற்றியது அவன் இல்லை, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான். வாந்தி நிற்க ஊசி போட்டாள்.

பிறகு அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"கத்தினானே, அது நல்லதும்மா. சிலது சத்தமே போடாம மூலையில போய் படுத்துக்கும். நமக்குத் தெரியறதுக்குள்ள போயிடும்."

எனக்குத் தெரிந்த ஒருத்தியும் அப்படித்தான் படுத்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வந்து, மாடு கட்டுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ போன அன்று வராத அழுகை அது. பக்கத்தில் இருந்தவர்கள் என் மாடு செத்துவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

அப்புறம் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. விழாமல் இருக்க அவனைச் சுற்றி உமி மூட்டைகளை அண்டக் கொடுத்தேன். வெளிக்குப் போகத் துண்டை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி நிறுத்துவேன். இட்லியை மோரில் குழைத்து விரலால் ஊட்டுவேன், பாதி என் புடவையில். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தீர்ப்பு. இதுக்குப் போய் இவ்வளவு பாடா என்றார் ஒருவர். நாய்க்குச் செய்கிறவள் மனுஷருக்குச் செய்தாளா என்றாள் ஒருத்தி. செய்ய விட்டால்தானே! அவளுக்கு அன்று சட்னி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

உன் மகனும் வந்தான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி அவ்வளவு தூரம் பைக்கிலேயே வந்தான். கடையில் விற்கிற நாய்த் தீனிப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்திருந்தான். கலெக்டர் சாய்ந்த தலையோடு அதை முகர்ந்து, வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் மகன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"அன்னிக்கி காலையில அம்மாவுக்கு போன் பண்ணேன் சித்தி. குரல் ஒரு மாதிரி இருந்துச்சி. கேஸுடா, வைய்யி, ஆள் நிக்கறாங்கன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

அவனிடமும் அதே பொய். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாய். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மனசுக்குள் திட்டிக்கொண்டே இத்தனை நாளும் இருந்தோம். அவனுக்கு நாலு இட்லி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, கலெக்டரைத் துண்டு கொடுத்து நிறுத்தி, ரோடு வரை நடத்திக் கூட்டிப் போனான். அமாவாசைக்கு உன் படத்துக்கு நம் கடை இட்லி வைத்துப் படைக்கலாமா என்று கேட்டான். முடியாது என்றேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, துணியை உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கால் இழுபடுகிற சத்தம். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், நடை ஒரு பக்கமாக, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி வந்து அடுப்புக்கு எதிரே தன் இடத்தில் உட்கார்ந்தான். ஓர் இட்லியை எடுத்து ஊதி ஆற்றி வைத்தேன். முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி முடியாமல் போய்விட்டதோ என்று பதறி நானும் ஒரு விள்ளல் போட்டேன். மாவில் உப்பு இல்லை! சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் தின்றுவிட்டு, கலெக்டர் டூட்டிக்கு வந்துட்டாரு என்றான். அந்த ஈடு முழுவதையும் கோழிக்குப் போட்டேன்.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது இடது மார்புக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. மூச்சை இழுத்தால் வலித்தது. கழுத்தில் வியர்த்தது. கடையில் ஆள் நின்றார்கள். என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்டார். "ஒண்ணும் இல்ல, கேஸு" என்று வாய் வரை வந்துவிட்டது. உன் வார்த்தை, உன் குரலிலேயே வந்தது. கீழே பார்த்தேன். கலெக்டர் சாய்ந்த தலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரண்டியைப் போட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். "சேகரு! எனக்கு நெஞ்சு வலிக்குது, ஓடியா!" கலெக்டரும் சேர்ந்து கத்தினான். டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடி வந்தார்கள், எல்லோருக்கும் முன்னால் கம்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சேகர் ஓடி வந்தான். அதே குட்டியானை. அதே திண்டிவனம். இந்த முறை மனுஷ ஆஸ்பத்திரி. மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உன் மகன் விழுப்புரத்திலிருந்து வந்து சேருவதற்குள் முடிவு சொல்லிவிட்டார்கள்.

கேஸ்தான்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். என்ன வேலை என்று கேட்டார். இட்லிக் கடை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். கேஸுக்குக் குட்டியானை வைத்துக்கொண்டு போனவள் என்று டீக்கடையில் பேச்சாம். சிரிக்கட்டும். எனக்கு வெட்கம் இல்லை. அடுத்த முறை சுருக்கென்றாலும் கத்துவேன், கேஸாகவே இருந்தாலும் கத்துவேன்.

இப்போதெல்லாம் முதல் ஈட்டில் இரண்டு இட்லி எடுத்து வைக்கிறேன். ஒன்று கலெக்டருக்கு. ஒன்று எனக்கு. ஆள் நின்றாலும் சரி, லாரி ஹாரன் அடித்தாலும் சரி, அடுப்பு முன்னாலேயே நின்று முதலில் நான் தின்கிறேன். உனக்கென்று மூன்றாவதாக ஒன்றை எடுக்கத் தினமும் கை போகிறது. எடுத்து, ஊதி, ஆற வைக்கக்கூடச் செய்திருக்கிறேன். பிறகு உன் சிரித்த முகம் ஞாபகம் வரும், இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று நீ கேட்டது ஞாபகம் வரும், கோபம் தலைக்கேறும். அந்த இட்லியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிடுவேன்.

என் கோபம் தீரட்டும், வைக்கிறேன். அதுவரை நீ பட்டினியாகவே இரு, உனக்குத்தான் பழக்கமாயிற்றே.